சிவப்புப் பெட்டிக்கு அடுத்த இடைவெளி: எடிட்டர் அதை என்ன செய்ய வேண்டும்?

காவடிமலர் (ரோஸ்ஹில், மொரீஷியஸ்) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோவில் தைப்பூசக் காவடி மலரை இந்த ஆண்டு நான்தான் கோத்தேன். 48 பக்கம், இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் பிரெஞ்சு. தமிழ் வாசிக்க இன்னும் கைவராத பிள்ளைகளுக்காகத்தான் பிரெஞ்சு. லிக்ஸ் எடிட்டரில் எழுதி (அது நாம் எழுதுவதை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மொழிக்கு மாற்றும்), அந்த மொழியைப் பக்கமாக்கும் ஸீடெக் நிரல் வழியாக பிடிஎஃப் எடுக்கிறேன். லிக்ஸுக்குத் தெரியாத எதையாவது செய்ய வேண்டுமானால் கன்ட்ரோலும் எல்லும் அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதற்குள் லேடெக் கட்டளையை நாமே எழுதலாம். உள்ளே எழுத்து சிவப்பாக இருக்கும்.

(கட்டளைகளை இங்கே ஒலிப்புப்படி தமிழில் எழுதுகிறேன். அசலில் அவை ரோமன் எழுத்து, யாரும் இங்கிருந்து நகலெடுக்க வேண்டாம்.)

கமிட்டி சுவாமியின் முழுப் பெயரை எப்படி எழுதுவது என்று இரண்டு முறை மாற்றியது. அதனால் அந்தப் பெயருக்கு \சுவாமி என்று ஒரு கட்டளை செய்து, வரும் இடமெல்லாம் பெட்டியில் போட்டேன். "\சுவாமி" பெட்டி, அதை ஒட்டி வெளியே "க்கு அபிஷேகம்". ஸீடெக் அந்த வரியில் நின்றுவிட்டது. இப்படி ஒரு கட்டளையே இல்லை என்கிறது. பெட்டிக்கும் "க்கு"வுக்கும் நடுவில் ஓர் இடம் விட்டேன். திரையில் "சுவாமி க்கு" என்று பிரிந்து நிற்கிறது, தாளில் "சுவாமிக்கு" என்று சரியாக ஒட்டி வருகிறது! சரி, அப்படித்தான் போல என்று எல்லா இடத்திலும் இடம் விட்டேன். அடுத்த பக்கத்தில் "\சுவாமி" பெட்டி, ஓர் இடம், "புறப்பாடு". தாளில் "சுவாமிபுறப்பாடு".

பிரெஞ்சுப் பக்கத்திலும் இதே கதை. மேற்கோளை மூடும் \எஃப்ஜி பெட்டிக்குப் பிறகு திரையில் தெளிவாக இடம் இருக்கிறது, அச்சில் » குறி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது. பதினொரு இடத்தில்.

யாரோ சொன்னபடி கட்டளைக்குப் பின் {} என்ற வெற்று அடைப்பைச் சேர்த்து, "க்கு" போன்றவற்றுக்கு முன் விட்ட இடத்தை எடுத்தேன். எல்லாம் சரியானது, ஓரிடம் தவிர. அங்கே இதுவரை ஒழுங்காக இருந்த "சுவாமிக்கு" இப்போது "சுவாமி க்கு" என்று உடைந்து வந்தது. அரைமணி நேரம் தேடினேன். பெட்டியைத் திறந்து கர்சரை நகர்த்திப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே கடைசியில் ஒரு என்டர் தட்டியிருக்கிறேன். மூடிய பெட்டியில் அது தெரியவே இல்லை.

இங்கே அச்சகத்தில் இருப்பவர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. பிழையை அவர்கள் பிடிக்க மாட்டார்கள். கோவிலில் பெரியவர் ஒருவர் கையில் வாங்கி முதல் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் தெரியவரும்.

என் கேள்வி இதுதான். நான் திரையில் வைத்த இடம் தாளில் இருக்க வேண்டும், வைக்காத இடம் வரக்கூடாது. ஓர் எடிட்டரிடம் இதை எதிர்பார்ப்பது தவறா?


எபேன்தம்பி (எபேன்) எழுதியது:

அக்கா, நீங்கள் பார்த்த எல்லாமே டெக்கின் (லேடெக், ஸீடெக் எல்லாவற்றுக்கும் அடிப்படையான அச்சுக்கோப்பு நிரல்) சட்டப்படிதான் நடந்திருக்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டெக் ஒரு \ குறியைப் பார்த்தால், அதன்பின் எழுத்து வந்துகொண்டே இருக்கும்வரை அதையெல்லாம் கட்டளையின் பெயராகவே சேர்த்துக்கொண்டு போகும். எழுத்தல்லாத ஒன்று வந்தால்தான் பெயர் முடியும். ஸீடெக்கும் லுவாடெக்கும் யூனிகோடு அறிந்தவை, அவற்றுக்குத் தமிழ் 'க'வும் எழுத்துதான். ஆகவே "\சுவாமி"யை ஒட்டி "க்கு" வந்ததும் அந்த 'க'வையும் பெயரில் சேர்த்துக்கொண்டு, அப்படி ஒரு கட்டளை இல்லை என்று நின்றது. பழைய பிடிஎஃப்டெக்கில் தமிழ் எழுத்து இப்படிப் பெயரோடு சேராது. அதனால்தான் பழைய கோப்புகளை ஸீடெக்குக்கு மாற்றுகிறவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

பெயர் முடிந்ததும் வரும் இடத்தை டெக் விழுங்கிவிடும். அந்த இடம் பெயரை முடிப்பதற்காக வைத்தது என்பது அதன் கணக்கு. "சுவாமிக்கு" ஒட்டியதும், "சுவாமிபுறப்பாடு" ஒட்டியதும், » ஒட்டியதும் இந்த ஒரே காரணத்தால்.

என்டர் விஷயம் இன்னும் நுட்பம். வரி முடிவை டெக் சாதாரணமாக ஓர் இடமாக மாற்றும். ஆனால் கட்டளைப் பெயருக்கு நேரே பின்னால் வரி முடிந்தால் அதையும் விழுங்கிவிடும். உங்கள் பெட்டியில் என்டர் முதலிலிருந்தே இருந்தது, விழுங்கப்பட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் {} போட்டதும் கட்டளைக்கும் வரி முடிவுக்கும் நடுவில் ஒன்று வந்துவிட்டது, அதனால் வரி முடிவு இடமாக வெளியே வந்தது. வரியின் கடைசியில் % போட்டால் அந்த இடம் போகும். அதே பெட்டியில் ஒரு வெற்று வரி நின்றிருந்தால் வாக்கியத்தின் நடுவில் புதுப் பத்தியே தொடங்கியிருக்கும்.

க்னூத் டெக்கை எழுதத் தொடங்கியது 1970களின் கடைசியில். அப்போது எல்லோரும் வெறும் எழுத்துக் கோப்பில்தான் கட்டளையைத் தட்டினார்கள். அங்கே இந்தச் சட்டம் வசதியானது. லிக்ஸ் அந்தப் பெட்டியில் இருப்பதை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே கோப்பில் எழுதுகிறது. அதுதான் அந்தப் பெட்டியின் வேலை.


காவடிமலர் எழுதியது:

தம்பி, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. டெக்கின் சட்டத்தில் எனக்குக் குறை இல்லை. பெட்டிக்கு உள்ளே இருப்பது என் பொறுப்பு, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தை நான் பெட்டிக்கு வெளியே, சாதாரண எழுத்தில், ஸ்பேஸ் பாரைத் தட்டி வைத்தேன். அங்கே நான் லேடெக் எழுதவில்லை, தமிழ் எழுதுகிறேன். வெளியே இருக்கிற இடத்தை உள்ளே இருக்கிற கட்டளை விழுங்குகிறது என்றால், நடுவில் இருக்கிற அந்தச் சுவர் எதற்கு?

இன்னொன்று. இதே லிக்ஸ், சாதாரண எழுத்தில் நான் இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் இரண்டாவதை ஏற்காது. அச்சில் வராத ஒன்றைத் திரையில் காட்டக் கூடாது என்று அங்கே அவ்வளவு கண்டிப்பு. பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் ஏன் அந்தக் கண்டிப்பு இல்லை?


ரெதுய்மாணவன் (ரெதுய்) எழுதியது:

நான் ஆய்வேட்டை லிக்ஸில்தான் எழுதுகிறேன். இதற்கு எளிய வழி இருக்கிறதே. பெட்டியின் கடைசியில் கட்டளைப் பெயர் வந்தால் எடிட்டரே {} சேர்த்துவிடட்டும். லேடெக் லோகோவை மெனுவிலிருந்து போட்டால் லிக்ஸ் {} சேர்த்துத்தான் எழுதுகிறது, கோட் முன்னோட்டப் பலகத்தில் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கும் அதையே செய்தால் காவடிமலர் அக்காவின் மூன்று சிக்கலும் தீர்ந்தது.


எபேன்தம்பி எழுதியது:

லோகோவுக்குச் சேர்க்கலாம், ஏனென்றால் அது என்ன கட்டளை, எதையும் எதிர்பார்க்காத கட்டளை என்று லிக்ஸுக்குத் தெரியும். பெட்டிக்குள் இருப்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

நான் அன்றாடம் செய்வது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெட்டியில் \டெக்ஸ்ட்பிஎஃப், அடுத்த பெட்டியில் {, பிறகு சாதாரணத் தமிழ், கடைசிப் பெட்டியில் }. நடுவில் இருக்கும் தமிழ் தடித்து வரும். எடிட்டர் முதல் பெட்டிக்குப் பின் {} சேர்த்தால், அந்தக் கட்டளை வெற்று அடைப்பை எடுத்துக்கொண்டு தன் வேலை முடிந்தது என்று போய்விடும். என் தமிழ் மெலிந்தே நிற்கும். பிழைச் செய்தியும் வராது. நின்றுபோகிற பிழை பரவாயில்லை, சத்தமில்லாமல் தவறாக வருகிற பிழையைத்தான் நான் பயப்படுகிறேன்.

இடம் சேர்த்தாலும் இதே பாடுதான். \ஓஜி, அதாவது பிரெஞ்சு மேற்கோளைத் திறக்கும் கட்டளை, பின்னால் இடம் வந்தாலும் வராவிட்டாலும் தனக்கு வேண்டிய இடைவெளியைத் தானே வைத்துக்கொள்ளும். அதன் ஜோடி \எஃப்ஜி அப்படி இல்லை. ஒரே பொதியில் (லேடெக்கோடு சேர்க்கும் கட்டளைத் தொகுப்பு) பிறந்த இரண்டு கட்டளைகளே இரண்டு விதம் என்றால் எடிட்டர் எதை வைத்து ஊகிக்கும்?


ரெதுய்மாணவன் எழுதியது:

அடைப்பு உடையும் விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் டேவிட் கார்லைலின் எக்ஸ்ஸ்பேஸ் பொதி? \சுவாமி கட்டளையின் வரையறைக்குள் கடைசியில் அதைப் போட்டால், அடுத்து என்ன வருகிறது என்று பார்த்து அதுவே இடம் விடும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி வந்தால் விடாது.


காவடிமலர் எழுதியது:

தம்பி, {} சேர்ப்பதற்கு முன் இருந்த பழைய கோப்பில் இப்போதே போட்டுப் பார்த்தேன். "\சுவாமி புறப்பாடு" சரியாகப் பிரிந்தது. ஆனால் "\சுவாமி" பெட்டி, ஓர் இடம், "க்கு" என்று முன்பு எழுதியிருந்த இடமெல்லாம் "சுவாமி க்கு" ஆகிவிட்டது. "யின்", "யை", "யோடு" எல்லாமே பிரிந்து போயின.

காரணம் தெளிவு. அந்தப் பொதி அடுத்து வருவது நிறுத்தக்குறியா என்று பார்க்கிறது. ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குப் பின் நிறுத்தக்குறி இல்லாமல் எழுத்து வந்தால் அது பெரும்பாலும் அடுத்த சொல். தமிழில் அது வேற்றுமை உருபாகவும் இருக்கலாம். "சுவாமி கண்", "சுவாமிக்கு" இரண்டிலும் அடுத்து வருவது 'க'தான். ஒன்று தனிச் சொல், மற்றொன்று ஒட்டு. ஓர் எழுத்தைப் பார்த்து இதை எந்த நிரலும் சொல்ல முடியாது. எனக்குத்தான் தெரியும். நான் இடம் விட்டேனா இல்லையா என்பதில் அந்தத் தகவல் முழுசாக இருக்கிறது. அதை ஏன் எறிந்துவிட்டு ஊகிக்க வேண்டும்?


கொம்போஸ்தர் (போர்ட் லூயிஸ்) எழுதியது:

நான் போர்ட் லூயிஸில் கை அச்சுக் கோத்தவன், பிரெஞ்சு வேலை. தமிழை ஓய்வு பெற்ற பிறகு கோவில் மாலை வகுப்பில்தான் சரியாகக் கற்றேன். இந்தக் கணினிக் கட்டளைகள் எனக்குப் புரியாது, ஆனால் இடைவெளி புரியும்.

எங்களுக்கு இடைவெளி என்பது ஒரு பொருள். ஈயக் கலவையில் வார்த்த கட்டை, எழுத்துக் கட்டையைவிடக் குள்ளம். குள்ளமாக இருப்பதால் மை படாது, தாளில் வெள்ளையாக விழும். அகலத்துக்குத் தகுந்தபடி பல கட்டைகள். எழுத்தின் உயரத்துக்கு நிகரான அகலம் உள்ளதைக் கத்ராதேன் என்போம். மிக மெல்லியதை எஸ்பாஸ் ஃபின் என்போம். பிரெஞ்சில் ; ! ? குறிகளுக்கு முன்னால் அந்த மெல்லியதை வைக்க வேண்டும். இடது கையில் கொம்போஸ்தரை, அதாவது எழுத்துக் கோக்கும் சின்னத் தட்டை, பிடித்துக்கொண்டு வலது கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். வரி நீளம் போதவில்லை என்றால் மெல்லியதை எடுத்துவிட்டுத் தடித்ததை வைப்போம்.

நான் வைத்தால்தான் அது இருக்கும். வைத்தது தானாகப் போகாது. பக்கத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அது மறையாது. வரியை விரலால் தடவிப் பார்த்தாலே பள்ளம் எங்கே என்று தெரியும். இந்த அம்மா கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன், அது நியாயமான கேள்வி. கோக்கிறவன் வைத்த கட்டையை வேறு ஆள் எடுத்தால் எங்கள் பட்டறையில் சண்டையே வரும்.


ரெயூனியன்அக்கா (ஸேன்-தெனி) எழுதியது:

கொம்போஸ்தர் ஐயா சொன்ன அந்த மெல்லிய கட்டைக்கு யூனிகோடில் தனி எண்ணே உண்டு, 202எஃப், குறுகிய உடையா இடைவெளி (அந்த இடத்தில் வரி மடியாது). அதைவிட அகலமான சாதாரண உடையா இடைவெளி 00ஏ0. பிரெஞ்சில் முக்காற்புள்ளிக்கு முன்னும் « » உள்ளும் அந்த அகலமானதைப் போடுவது வழக்கம். லேடெக்கின் பேபல் பிரெஞ்சுப் பொதி, அதன் அமைப்பில் « » குறிகளை ஒரு முறை அறிவித்துவிட்டால், இவற்றைத் தானே வைக்கிறது. அதனால் காவடிமலர், உங்கள் மேற்கோள்களுக்குப் பெட்டியே தேவையில்லை. அப்படி அறிவித்துவிட்டு « » குறிகளை நேரடியாகத் தட்டுங்கள், பதினொரு இடமும் ஒரே நாளில் தீரும்.

ஆனால் உங்கள் பெரிய கேள்வி லேடெக்கோடு நிற்பதில்லை. நான் ஒரு கோவிலின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே ஹெச்டிஎம்எல். "வள்ளி" என்ற பெயர் மட்டும் தடித்து, "க்கு" மெலிந்து ஒட்டி வர வேண்டும். மூடும் குறிக்கு அடுத்து உடனே க்கு. ஒரு நாள் புது நிரல் ஒழுங்காக்கி ஒன்றைப் போட்டார்கள். அது வரி நீளம் என்று சொல்லி, மூடும் குறிக்குப் பின் வரியை உடைத்துவிட்டது. உலாவிக்கு வரி முடிவும் இடம்தான், நான்கு இடமும் ஓர் இடம்தான். பக்கம் முழுக்க "வள்ளி க்கு", "தெய்வானை யை". ஆங்கிலப் பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஏனென்றால் அங்கே தடித்த சொல்லுக்குப் பின் எப்படியும் இடம்தான். மாற்றியவர் ஆங்கிலப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விட்டார்.

பிரெட்டியர் என்ற இன்னொரு ஒழுங்காக்கி இந்த விஷயத்தில் கவனமானது. 2018-இல் ஹெச்டிஎம்எல்லை எடுத்துக்கொண்டபோதே இடைவெளிக்கு அர்த்தம் உண்டு என்று வைத்து, வரியை உடைக்க வேண்டுமானால் குறியின் உள்ளே, > குறிக்கு முன்னால் உடைக்கிறது. பார்க்க அசிங்கம் என்று பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அது அசிங்கமாகத் தெரியவில்லை. என் "க்கு" பத்திரமாக இருக்கிறது.

உலாவியில் எழுதும் எடிட்டர்கள் வேறு வகை. இரண்டு முறை ஸ்பேஸ் தட்டினால் ஒன்றை உடையா இடைவெளியாக மாற்றிவிடுகின்றன. கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் அந்த இடத்தில் வரி மடியாது. கைபேசியில் பார்த்தால் தமிழ் வரி ஓரத்தைத் தாண்டி நீள்கிறது.


எபேன்தம்பி எழுதியது:

வேர்டு கோப்பிலும் உண்டு. உள்ளே எக்ஸ்எம்எல். ஓர் எழுத்துத் துண்டின் முதலிலோ கடைசியிலோ இடம் இருந்தால், அதைக் காப்பாற்று என்று அந்தத் துண்டின் மேல் தனியாக ஒரு குறிப்பு எழுத வேண்டும். நிரல் வழியாகக் கோப்பு செய்யும்போது நான் அதை மறந்துவிட்டேன், ஒரு வாடிக்கையாளரின் கடிதம் முழுக்கச் சொற்கள் ஒட்டிப் போயின.

ஆவணங்களை ஒரு வடிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பேன்டாக் நிரலில் இடைவெளி என்பது எழுத்தின் பகுதியே இல்லை, தனி உறுப்பு. கச்சா லேடெக் துண்டு ஓர் உறுப்பு, இடைவெளி ஓர் உறுப்பு, சொல் ஓர் உறுப்பு. கொம்போஸ்தர் ஐயாவின் ஈயக் கட்டை மாதிரியே. ஆனால் அங்கேயும் கடைசியில் லேடெக் கோப்பாக எழுதும்போது கட்டளைக்குப் பின் வெறும் இடமாகத்தான் இறங்கும், டெக் விழுங்கிவிடும். உள்ளே சரியாக வைத்திருந்தால் மட்டும் போதாது.

அக்கா சொன்னதை இரண்டு நாளாக யோசித்தேன். முதல் பதிவில் நான் டெக்கின் பக்கம் நின்றுவிட்டேன். சுவர் எதற்கு என்று கேட்டீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை.


காவடிமலர் எழுதியது:

எல்லோர் சொன்னதையும் வைத்து நான் இப்போது நினைப்பது இது. எடிட்டர் பெட்டிக்குள் கை வைக்கவே கூடாது. ஒரு {} கூட, ஓர் இடம்கூட. எபேன் தம்பியின் தடித்த எழுத்து உதாரணம் எனக்கு அதை உறுதியாக்கிவிட்டது. ஆனால் பெட்டி முடிந்து வெளியே ஓர் இடம் தொடங்கும்போது, பெட்டியின் கடைசி ஒரு கட்டளைப் பெயர் என்றால், அந்த இடம் விழுங்கப்படும் என்பது எடிட்டருக்கு நிச்சயம் தெரியும். இதில் ஊகமே இல்லை. \ குறியிலிருந்து கடைசி வரை எழுத்தாகவே இருக்கிறதா என்று பார்த்தால் போதும். அங்கே அந்த இடத்தை வேறு நிறத்தில் காட்டட்டும். வெளியே இடம் இல்லாமல் தமிழ் எழுத்தே ஒட்டி வந்தால் அதையும் காட்டட்டும், ஸீடெக்கில் அது கட்டாயம் நிற்கப்போகிற இடம். பெட்டிக்குள் கடைசியில் என்டர் இருந்தால், பெட்டி மூடியிருந்தாலும் ஒரு சின்ன அடையாளம் வெளியே தெரியட்டும். என் அரைமணி நேரம் அதில்தான் போனது.

திருத்துவது என் வேலை. {} போடுவதா, இடத்தை எடுப்பதா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன். காட்டினால் போதும்.


ரெதுய்மாணவன் எழுதியது:

ஒரு கேள்வி. பெட்டிக்குப் பின் கன்ட்ரோலோடு ஸ்பேஸ் தட்டி உடையா இடைவெளி வைத்தால் டெக் அதை விழுங்காதே? நான் இவ்வளவு நாளும் அப்படித்தான் சமாளிக்கிறேன்.


எபேன்தம்பி எழுதியது:

விழுங்காது. அது ~ குறியாக இறங்கும். ஆனால் அங்கே வரி மடியவும் மடியாது. தமிழ்ச் சொற்கள் நீளம், உன் ஆய்வேட்டில் பத்தி ஓரம் எங்கேயாவது துருத்திக்கொண்டு இருக்கும், போய்ப் பார்.


ரெதுய்மாணவன் எழுதியது:

பார்த்தேன். 3 இடத்தில் துருத்திக்கொண்டிருக்கிறது. {} போட்டு மாற்றிவிட்டேன்.


கொம்போஸ்தர் எழுதியது:

அம்மா, மலர் அச்சுக்குப் போகும் முன் ஒரு படி எனக்குக் கொடுங்கள். தமிழ்ப் பக்கங்களை நான் உட்கார்ந்து பார்க்கிறேன். இடைவெளிக்கு மட்டும் ஒரு தடவை, எழுத்துக்கு ஒரு தடவை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தப்பிவிடும்.


காவடிமலர் எழுதியது:

ஐயா, சனிக்கிழமை காலை கோவிலில் கொண்டுவந்து தருகிறேன். பெரிய எழுத்தில் எடுத்துவருகிறேன்.

லிக்ஸ் உருவாக்குநர்களுக்கு அனுப்ப ஒரு சின்னக் கோப்பு தயார் செய்திருக்கிறேன். மூன்றே வரி. "\சுவாமி" ஒட்டிய "க்கு", "\சுவாமி" இடம் "புறப்பாடு", கடைசியில் என்டர் நிற்கும் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் திரையில் தெரிவதன் படமும் அச்சில் வந்ததன் படமும் பக்கத்தில் பக்கத்தில். தமிழ் தெரியாதவர்களுக்கு "க்கு" ஏன் ஒட்ட வேண்டும் என்று இரண்டு வாக்கியத்தில் எழுதினேன். ரெயூனியன் அக்கா, \எஃப்ஜி உதாரணத்துக்கு நல்ல பிரெஞ்சு வாக்கியம் ஒன்று எழுதித் தாருங்கள், அதை நான்காவது வரியாகச் சேர்க்கிறேன்.


ரெயூனியன்அக்கா எழுதியது:

அனுப்பிவிட்டேன். மேற்கோள் முடிந்ததும் உடனே ஒரு சொல், அதே வரியில் இன்னொரு மேற்கோள் முடிந்ததும் காற்புள்ளி. முதலாவதில் இடம் வேண்டும், இரண்டாவதில் கூடாது. இரண்டையும் ஒரே வரியில் பார்த்தால் அவர்களுக்கு உடனே புரியும்.